நாற்பது குண்டுக்குக் காற்று

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம்! சிராங்கூன் ரோட்டில் எத்தனை சாமி உண்டோ அத்தனை சாமி மேலும், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து மாதா கோயில் மாதா மேலும் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் மாதிரி தெரிகிற இடங்கள்தான் இருப்பதிலேயே அசல் உண்மை.

காற்றை அடைத்து விற்கிற தொழிலில் சரக்கு கண்ணுக்குத் தெரியாது; புகார் மட்டும்தான் தெரியும். கறிக்கடைக்காரன் எலும்பைக் காட்டலாம், துணிக்கடைக்காரன் சாயத்தைக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? ட்யூஷன் வாத்தியார்கள், இன்சூரன்ஸ் ஏஜண்டுகள், கல்யாணத் தரகர்கள் என்று கண்ணில் படாத பொருளை விற்றுப் பேச்சு வாங்கிய அத்தனை பேரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

வெள்ளிக்கிழமைக் காற்று

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு சந்து. அதில் எங்கள் கடை. முதலாளி ஹொக்கியன் சீனர், ஊரே அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடும். தமிழர்களுக்கு நடுவிலேயே கடை வைத்திருந்ததால் பேசுகிற அளவுக்குத் தமிழ் வரும், திட்டுவதெல்லாம் மலாய். கடலில் முக்குளிக்கிறவர்கள் முதுகில் கட்டும் சிலிண்டருக்குக் காற்று அடைப்பது, தீயணைப்பு உருளைகளுக்கு வாயு ரொப்புவது, இதுதான் வேலை. ரொப்புகிற ஆள் நான்.

எழுபதுகளில் செல்வராஜ் என்று ஒருவர் வருவார். கப்பலுக்கு அடியில் போய்ப் பாசி சுரண்டுகிற வேலை. ஒரு நாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, தண்ணிக்குள்ள மூச்சு இழுத்தா பிரியாணி வாசம் வருது" என்றார். நான் நம்பவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், எங்கள் இயந்திரம் காற்றை உறிஞ்சுகிற குழாய் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் எதிரே புதிதாக வந்த பிரியாணிக் கடை அடுப்படிப் புகைபோக்கி. அன்றைக்கு அவர் விட்ட மூச்சுக் குமிழிக்குப் பின்னால் மீன்கள் வரிசை கட்டி வந்ததாகவும், ஒரு பெரிய கொடுவா மீன் மட்டும் கடைசிவரை நகரவே இல்லை என்றும் அவரே சொன்னார். குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றித் தருகிறேன், நாளைக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னேன். அவர் முகம் அப்போதும் தெளியவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைண்ணே, நான் சைவம். கூரைக்கு மேல எந்தக் கடை வாசமும் வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

டிபன் பாக்ஸில் வந்த பாப்பா

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு மத்தியானம் கமலா டீச்சர் கடைக்குள் வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் டிபன் பாக்ஸ். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனுஷி என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு எஃகு உருளை, துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி படுத்திருக்கிறது. ஆள் உயரச் சிலிண்டர்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. இலக்கைப் பார்த்துச் சுடுகிற காற்றுக் கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் திருகி மாட்டுகிற உருளையாம் அது. துப்பாக்கியோ, சுடப் பழகுகிற கிளப்பின் இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வராது. நம் ஊர்ச் சட்டம்தான் தெரியுமே. வெளியே நடமாட அனுமதி இந்த உருளைக்கு மட்டும். "சோடாவுல போடுற அதே காஸ்தான் அண்ணே. ஒரு தடவை ரொப்பினா போட்டிக்கு நாப்பது குண்டு, அதுக்கு முன்னாடி கை பழக்கக் கொஞ்சம், அவ்வளவும் சுட்டாகணும். என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். நடுவுல தீந்துச்சுன்னா கதை முடிஞ்சிடும்."

கிளப்பிலேயே அந்த மாதிரித் துப்பாக்கி ஒன்றுதான். அதை டீச்சர் கையில் கொடுத்திருந்தார்கள். மணிலாவில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத் தேர்வு செய்யப்போகிறார்கள். டீச்சர் தேறினால் துப்பாக்கி அவரிடமே தங்கும். தேறாவிட்டால் அது ஸ்டெல்லாவுக்குப் போய்விடும். "ஸ்டெல்லா யாரு?" என்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாம், பழைய கைநெம்புத் துப்பாக்கியை வைத்துக்கொண்டே டீச்சரை விரட்டிக்கொண்டு வருகிறாராம். "பொல்லாத பொண்ணோ?" என்று ஆறுதலுக்குக் கேட்டேன்.

"நல்ல பொண்ணுண்ணே. அதான் எனக்குக் கஷ்டம்."

செய்கூலி, சேதாரம்

நிறைய ரொப்பினால் நிறையச் சுடலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வாயு உருளைக்குள் போனதும் தண்ணீர் மாதிரி திரவமாக உட்காரும். சூடு பட்டால் விரியும். கழுத்துவரை ரொப்பிவிட்டு நம் ஊர் வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தால், கையில் இருப்பது உருளை அல்ல, தீபாவளி. அதனால் கொஞ்சம் இடம் விட்டு, எடை பார்த்து ரொப்ப வேண்டும். குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு.

எங்கள் கடைத் தராசில் பாப்பாவை வைத்தால் முள் கண்ணைக்கூடத் திறக்காது. உள்ளே போகிற வாயுவின் எடையே சில பவுன்தான். பவுன் என்று வாயில் வந்ததும் புத்தி வேலை செய்தது. சிராங்கூன் ரோட்டு நகைப்பட்டறையில் நமக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் இருந்தார். காலி உருளையை ஒரு தடவை, ரொப்பிய உருளையை ஒரு தடவை அவர் தராசில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தாலி எடுக்க வந்த ஒரு குடும்பம், கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புத் துண்டு ஏறி இறங்குவதைப் பார்த்து, இது என்ன புது டிசைன் என்று கேட்டார்கள். பத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் அட்டிகையை நிறுப்பது போல அத்தனை மரியாதையாக நிறுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செய்கூலி வேணாம் பழனி. ஆனா சேதாரத்துக்கு நான் பொறுப்பில்ல, பொருளு கண்ணுலயே படலையே!"

நெத்திலிக்குப் பக்கத்தில்

முதல் ரொப்பலில் டீச்சருக்கு முப்பது குண்டுக்கு மேல் ஓடவில்லை. கடைசியாகப் போனதெல்லாம் புளியங்கொட்டை மாதிரி வழியிலேயே விழுந்ததாம். மறுநாள் அவரே துப்பாக்கியோடு வந்த தாளைப் படித்துக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். உருளை சூடாக இருந்தால் வாயுவை உள்ளே விடாது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால்தான் ஆசையாக வாங்கிக்கொள்ளும். குளிர்காலம் இருக்கிற ஊர்க்காரன் செய்த பொருள். அவன் ஜன்னலுக்கு வெளியே வைத்திருப்பான். நாம் எங்கே வைப்பது? கடையில் ஐஸ் பெட்டி கிடையாது.

புக்கிட் மேராவில் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி இருந்தது. அதன் ராணி என் மனைவி ருக்மணி. நெத்திலிப் பொட்டலத்துக்கும் ஆட்டு எலும்புக்கும் நடுவில் பாப்பாவுக்கு ஒரு இடம் ஒதுக்கச் சொன்னேன். இரவு முழுவதும் அங்கே கிடக்கும். காலையில் பிஸ்கட் டின்னில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துப் பஸ்ஸில் கடைக்குக் கொண்டுபோவேன். டீச்சருக்கு நாற்பதும் ஓடியது, மேலும் ஓடியது. கிளப் பூனை மட்டும் டீச்சர் சுடும்போதெல்லாம் துப்பாக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்குமாம், நெத்திலி வாசத்துக்கு. ருக்மணியிடம் சொல்லி மெச்சிக்கொண்டேன். அவள் ஐஸ் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"காலி டப்பாவ ஐஸ்ல வெச்சுக் காத்த ரொப்புறீங்களாக்கும்? இந்த வீட்டுல நீங்க விடுற காத்த வெக்கவே எடமில்ல."

சிவப்பு விளக்கு

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமையே ரொப்பி, பத்தர் தராசில் சரிபார்த்து, கடையில் பத்திரமாக வைத்திருந்தேன். எங்கள் பெரிய சிலிண்டரின் கடைசிச் சொட்டு வாயு பாப்பாவுக்குள்தான் போயிருந்தது. அடுத்தது திங்கட்கிழமைதான் வரும். காலையில் அதே பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தேன். நெற்றியில் விபூதிகூட வைத்திருந்தேன். பூக்கடை முன்னால் ஈரத்தில் கால் வழுக்கியது. டின் திறந்தது. பாப்பா மூக்கு குப்புறத் தரையில் விழுந்தது.

அதன் மூக்கில் ஒரு முள் இருக்கும், அதை அழுத்தினால் வாயு வரும். அந்த முள்ளில் ஒரு பொடிக்கல் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான், புஸ்ஸென்று ஒரு சத்தம். நான் எழுந்திருப்பதற்குள் பாப்பா கிளம்பிவிட்டது. நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, ஒரு டாக்ஸியை முந்தி, சைக்கிள்காரருக்கு வழிவிட்டு, வெள்ளைப் புகை வாலோடு ஓடுகிறது. நான் பின்னால் ஓடுகிறேன். எனக்குப் பின்னால் பூக்காரம்மா, நான் மிதித்த மல்லிகைக்காக. சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. பாப்பா வெள்ளைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றது! வாயு தீர்ந்ததால் நின்றது என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் அந்த இடத்தில் இல்லை. அங்கே இருந்தவர் ஒரு போலீஸ்காரர், நம்மவர். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார்.

"பச்சை விழுந்தா மறுபடியும் கெளம்பிடும்ணே, சீக்கிரம் புடிங்க!"

தெர்பாலிக்!

கிளப் அப்போது புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு மரக்கூட்டத்துக்குள் இருந்தது. பஸ்ஸில் போன நேரம் முழுக்க, மடியில் காலி உருளையை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சொன்னதென்னவோ இதுதான்:

"டீச்சர், ஓடிருச்சு."

"எது?"

"காத்து."

"எதுவரைக்கும் ஓடுச்சு?"

"சிக்னல் வரைக்கும்."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பெஞ்சில் போய் உட்கார்ந்து, சுடுகிற கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். தேர்வு தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. அந்தப் பக்கம் ஸ்டெல்லா, வெள்ளை ஷூ, இறுக்கிக் கட்டிய கொண்டை, தன் பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு வாயுவே வேண்டாம். நெம்பினால் போதும், காற்று தானாக உள்ளே அடைந்துகொள்ளும். காதில் எல்லாம் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை.

அப்போதுதான் கேண்டீனில் யாரோ சோடா கேட்டார்கள். அந்தப் புஸ் சத்தத்தை என் காது எங்கே கேட்டாலும் கண்டுபிடிக்கும். ஓடினேன். கேண்டீன் நடத்தியது ஒரு மலாய் அம்மா, எல்லோருக்கும் மக்சிக், அதாவது அத்தை. கவுண்டருக்குப் பின்னால் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சோடா காஸ் சிலிண்டர் நிற்கிறது! மக்சிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஐஸ் கச்சாங் என்கிற இனிப்புக்குச் சீவுகிற ஐஸ் கட்டியை உடைத்துக் கொடுத்தார், மாவு நிறுக்கிற தராசைக் கொடுத்தார். முள்ளில் சிக்கிய கல்லைத் தட்டி எடுத்தேன். பாப்பாவை ஐஸில் புதைத்தேன். பெரிய சிலிண்டரையும் பாப்பாவையும் சேர்க்கிற, துப்பாக்கியோடு ஜெர்மனியிலிருந்து வந்த பித்தளை இணைப்பு எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும், அதை மாட்டித் திறந்தேன். சத்தம் வந்தது. எடை வரவில்லை. காதருகே ஆட்டினால் உள்ளே களுக் என்று திரவம் அசைய வேண்டும், ஊமையாக இருந்தது. மறுபடி ஐஸ், மறுபடி திறந்தேன், மறுபடியும் ஊமை.

கேண்டீன் காசுத் தொலைபேசியில் தவுக்கேயைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் குட்டி உருளை வேலையே வேண்டாம், லாபம் இல்லாத தலைவலி என்று மாதாமாதம் முனகுகிற மனுஷர். "எதுலேர்ந்து ரொப்புற?" என்றார். சோடாக் கடை சிலிண்டர் என்றேன். அந்தப் பக்கம் கஞ்சிக் கிண்ணம் டக்கென்று கீழே வைக்கிற சத்தம்.

"தெர்பாலிக்! தெர்பாலிக் லா, போடோ!"

தலைகீழாகக் கவிழ்த்துப் பிடி, முட்டாளே, என்று அர்த்தம். எங்கள் கடைச் சிலிண்டருக்குள் அடிவரை ஒரு குழாய் போகும். அது கீழே கிடக்கிற திரவத்தை உறிஞ்சி மேலே தரும். சோடாக்காரனுக்கு வெறும் வாயு போதும், அதனால் அவன் சிலிண்டரில் குழாய் கிடையாது. நிற்க வைத்தால் மேலே இருக்கிற ஆவிதான் வரும். சரக்கு வேண்டுமென்றால் கவிழ்த்தாக வேண்டும். சொல்லச் சுலபம். நெஞ்சுயரப் பூதத்தைக் கவிழ்த்துப் பிடிக்க என் இரண்டு கை போதாது. டீச்சர் ஓடி வந்தார். நான் தடுத்தேன், எடை தூக்கினால் சுடுகிற கை நடுங்கும். மக்சிக் முழங்கால் வலிக்காரர். நானும் சிலிண்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுகிறோம், பார்க்கிறவர்களுக்கு ஏதோ கல்யாண நடனம்.

சட்டென்று பாரம் பாதியாயிற்று. எதிரே ஸ்டெல்லா. "தள்ளுங்கண்ணே. தெனமும் நோயாளிங்கள தூக்கிப் பொரட்டுறவ நான், இவரு என்ன பெரிய ஆளா?" என்று ஒரே புரட்டு. சிலிண்டர் தலைகீழ். மக்சிக் இணைப்பைப் பிடித்தார், டீச்சர் பாப்பாவைத் திருகினார், நான் திறந்தேன். வாயு அல்ல, சரக்கு இறங்குகிற அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆட்டினேன். களுக்! தராசில் பத்தர் சொன்ன எடை.

ஆனால் உருளை ஐஸாகக் கிடக்கிறது. ரொப்பக் குளிர் வேண்டும், சுட வேண்டுமென்றால் அந்தக் குளிர் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறைந்து குண்டு தாழ்ந்து போகும். வெயிலில் வைத்தால் ஆபத்து. அதற்குள் ஸ்டெல்லா அதை வாங்கித் துணியில் சுற்றி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி தன் அக்குளில் செருகிக்கொண்டார். கண் சுவர்க் கடிகாரத்தில். பழக்கதோஷம், உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. மணியடித்து எல்லோரையும் வரிசைக்குக் கூப்பிட்டபோது வெளியே எடுத்து, தொட்டுப் பார்த்து, டீச்சரிடம் நீட்டினார்.

"நார்மல்தான்க்கா. நான் மனசு மாறுறதுக்குள்ள வாங்கிட்டுப் போங்க."

காலி

நாற்பதாவது குண்டு போன பிறகு அதிகாரி வழக்கப்படி உருளையைக் கழற்றி முள்ளை அழுத்தினார். ஒரு பெருமூச்சுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு நான் விட்டது அதைவிடப் பெரிய மூச்சு. டீச்சர் முதலாவது, ஸ்டெல்லா இரண்டாவது. நடுவில் ஒரு நூலிழை. அந்த நூலிழையைப் பிடித்துத் தாங்கியவர்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. கஞ்சியைப் பாதியில் விட்ட தவுக்கேவுக்கு மறுநாள் மீன் தலைக் கறி வாங்கிக் கொடுத்தேன். லாபம் இல்லாத தலைவலி என்று முனகிக்கொண்டே முள்ளைச் சப்பினார். பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கி மக்சிக்குக்குக் கொடுத்தேன். பத்தருக்கு வெறும் கும்பிடு. அவர் அதையும் நிறுத்துப் பார்த்திருப்பார். ஸ்டெல்லாவுக்கு என்ன கொடுப்பது? பழைய கைநெம்புத் துப்பாக்கிக்காரருக்கு நம் கடையில் விற்க ஒன்றுமே இல்லை. "எங்க கடைப் பக்கம் வந்தா ஒரு டீயாவது குடிங்கம்மா" என்றேன். வந்தார். குடித்தார். வரும்போதெல்லாம் சிலிண்டர்களை ஒரு பார்வை பார்ப்பார், எதைப் புரட்டலாம் என்கிற மாதிரி.

மணிலாவுக்கு டீச்சர் போய் வருவதற்குள், அவர் அங்கே முதல் பரிசு வாங்கிவிட்டார், ராணுவ வாத்தியம் முழங்கியது, ஊர்வலம் போனது என்று ஃபேரர் பார்க் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். திரும்பி வந்தவர் நேரே கடைக்கு வந்தார். அதே பருத்திப் புடவை, அதே டிபன் பாக்ஸ். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியார்கள் பார்க்கிற பார்வை. "எத்தனாவது டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டேன். "கடைசி இல்லண்ணே" என்று இன்னும் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துப்பாக்கி இன்னும் கிளப் பெட்டியில் அவர் பெயரிலேயே இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து பாப்பாவை என் கையில் வைத்தார். லேசாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், ஊமை.

"எல்லாத்தையும் அங்கேயே தீத்துட்டு வந்துட்டேண்ணே. ரொப்புங்க."

அனுப்பிய சரக்கு சுத்தமாகக் காலியாகித் திரும்பி வந்தால் நெஞ்சு நிறைகிற ஒரே தொழில் எங்களுடையதுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னவன் பழனி என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள், மிதித்த மல்லிகைக் காசு இன்னும் பாக்கி, அந்தப் பூக்காரம்மாவின் பேரன் இப்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கில்தான் குடியிருக்கிறான்.